நாலாம் தொட்டியின் மூடி

காற்று கெட்டிப்பட்ட அந்த மாசி மாதத்து வியாழக்கிழமை, பாலேரிப்பட்டி பாவாயி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினாள், பதினெட்டு எட்டு வைத்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ள ஒரு நொடி நின்றாள். நின்றதுதான் தாமதம், இடுப்பில் கயிறு கட்டி யாரோ இழுத்ததுபோல வந்த வழியே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசற்படியிலேயே நின்றாள். இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. மூன்றாம் முறை எங்கும் நிற்காமல் போய்க் குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் குழாயையும் ஒருத்தி இடுப்பை இன்னொருத்தியுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காற்றைப் பற்றிப் பேசவில்லை, இன்றைக்காவது தண்ணீர் விடுவானா மாட்டானா என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருபது வருஷமாகச் சேகோ மில் ஜவ்வரிசிக்காகக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து மாவை எடுத்துக்கொண்டு, கழுவின தண்ணீரை ஏரியில் விட்டு, ஏரி வெளுத்து, தடித்து, ஆடை கட்டி, கடைசியில் அதில் எருமைகூட இறங்காமல் போன ஊர் அது. ஏரியில் இடமில்லாமல் கஞ்சி காற்றில் ஏறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள், மாரியம்மனுக்கு மூன்று வருஷமாகக் கூழ் ஊற்றாததால் அவளே ஊற்றிக்கொண்டாள் என்று சிலர் சொன்னார்கள். ரொம்ப நேரம் யாரும் சொல்லவில்லை, மில்லில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

ஊர் எல்லையில் பாலம் வரைக்கும்தான் அந்தக் காற்று. பேருந்து பாலம் வரை வந்து முக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வாரத்துக்குள் ஊர் நடக்கப் பழகிவிட்டது. மூச்சுக்கு மட்டும் காற்று வழிவிட்டது, உடம்புக்கு விடவில்லை. ஓடினால் கல்லாக இறுகியது, மெல்லப் போனால் விட்டுக்கொடுத்தது, ஆனால் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு அடியையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கே திருப்பி இழுத்தது. எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு வெற்றிலையை மென்று துப்பும் நேரம் அசையாமல் நின்றால் மறந்துவிடும், அப்புறம் அந்த இடம்தான் உன் இடம். ஆகவே தெருவெங்கும் இருபது எட்டுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள மரக்கால் நட்டார்கள். வெற்றிலை போடாதவர்களும் போடப் பழகினார்கள். பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர் கோமளவல்லி ஒரு சொட்டு ஏரித் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்து ஊருக்கே காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் அதற்குள் கரை தேடி அலைந்தன. வாலை இப்படியும் அப்படியும் ஆட்டினவை இருந்த இடத்திலேயே இருந்தன, உடம்பைத் திருகாணி மாதிரிச் சுழற்றினவை கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறின, ஓய்ந்து நின்றவை பின்னுக்குப் போயின. அதைப் பார்த்த பிறகு ஊரே தோளைத் திருகித் திருகி நடக்க ஆரம்பித்தது. பாவம், அதுகளும் நம்மளாட்டம்தான் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

இன்னொன்றையும் அந்தப் புழுக்களிடமிருந்துதான் கற்றார்கள். ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போகும் புழுக்களில் முதல் புழுதான் அவதிப்பட்டது, பின்னால் வந்தவை சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. நாலைந்து பேர் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு நடந்தால் அந்த வழியில் காற்று மோராக இளகிவிடும், இழுக்கத் தெரியாது, எதுவும் ஞாபகமிருக்காது, அங்கே ஒரு வாளியை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். மில் முதலாளி கந்தப்பன் இதைக் கேட்ட மறுநாளே நாற்பது ஆட்களை முன்நடைக்கு வைத்துக்கொண்டார். அவர்கள் திருகித் திருகி முன்னால் போக, அவர் வெள்ளை வேட்டி கசங்காமல், காற்று கெட்டிப்படாத காலத்தைப் போலவே பின்னால் போய்வந்தார். அந்த நாற்பது பேருக்கும் தலை, பாவாயியின் தம்பி அர்த்தநாரி. அவன் தோளைத் திருகினால் காற்று துணி கிழிகிற மாதிரி இரண்டாகும் என்பார்கள். பாவாயிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் புருஷன் செங்கோடன் மில்லில் தொட்டி ஆள். மாவுப் பால் தேங்கும் தொட்டிகள் மூன்று, கழிவுக்கு நாலாவது. பால் தொட்டியில் தவறி விழுந்தால் உதறக்கூடாது, உதற உதற மாவு கல்லாகும், தூங்குகிறவனைப்போல மெல்லப் புரண்டால் விட்டுவிடும் என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பதினெட்டு வருஷத்தில் மூன்று பேரை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறான். நாலாம் தொட்டிக்கு மட்டும் அவனிடம் பாடம் கிடையாது. இரும்பு மூடி போட்ட தொட்டி அது, உள்ளே கிழங்குச் சக்கையான திப்பியும் புளித்த தண்ணீரும் கிடந்து வெந்து வாயு கக்கிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து குனிந்தவனுக்கு உதறக்கூட நேரமிருக்காது.

மாசி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கோடன் பாலத்துச் சாலையோரத்தில், பாலத்துச் சுவருக்கும் ஒரு மரக்காலுக்கும் இடையில் செருகினாற்போலச் செத்துக்கிடந்தான். பக்கத்தில் ஒரு சாராய பாட்டில் இருந்தது. குடித்துவிட்டு விழுந்துவிட்டான், பாவம் நல்ல மனுஷன், என்று மில்லிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், மாலையும் வந்தது. பாவாயி அவன் வாயை மோந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்த வாய் தெரியும், அவன் இருமல் மருந்தைக்கூட நாற்றம் என்று துப்புகிறவன். ஆனால் பிணத்தைப் பிடித்துக்கொண்டு கழுவின பெண்கள் அவன் காது மடலுக்குப் பின்னால் திப்பி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு, இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள்.

பாலேரிப்பட்டி வழக்கப்படி பாதி வழியில் ஒரு கல் உண்டு. அங்கே பாடையை இறக்கி, மூன்று சுற்றுச் சுற்றி, தலைமாட்டைத் திசை மாற்றி, அப்புறம்தான் சுடுகாட்டுக்குத் தூக்குவார்கள். பெண்கள் அந்தக் கல் வரைக்கும் வரலாம், அதற்குமேல் கூடாது. காற்று கெட்டிப்பட்ட பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு செங்கோடனுடையது, ஆகையால் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் யோசனை போகவில்லை. நாலு பேரும் பாடையைக் கல்மேல் இறக்கிவைத்துவிட்டு, சுற்றுவதற்காகக் கையை எடுத்தார்கள்.

பாடை புறப்பட்டது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வந்த தெருவிலேயே பின்னோக்கிப் போனது. வீட்டுக்குத்தான் போகிறான் என்று பெண்கள் அழுதார்கள். பாடை வீட்டைக் கடந்தது. அவன் செத்துக்கிடந்த பாலத்துச் சாலைக்குத்தான் போகும் என்று ஆண்கள் நினைத்தார்கள். பாடை பாலம் வரை போய், அந்தச் சாலையோரத்தில் தயங்கக்கூடச் செய்யாமல் திரும்பி, மில் கேட்டுக்குள் நுழைந்து, கிழங்குக் களத்தைத் தாண்டி, மூன்று பால் தொட்டிகளையும் தாண்டி, நாலாம் தொட்டியின் இரும்பு மூடிமேல் போய் நின்றது. பின்னாலேயே மரக்கால் மரக்காலாகப் பிடித்துப் பிடித்து வந்துசேர்ந்த ஊர், தொட்டியைச் சுற்றி நின்று பார்த்தது. உயிரோடிருப்பவனைக் காற்று ஒரு வெற்றிலை நேரத்தில் மறந்துவிடுகிறது, மூச்சில்லாதவனை அத்தனை சீக்கிரம் மறப்பதில்லை என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாம் தடவை தூக்கிவந்து வைத்தார்கள், இரண்டாம் தடவையும் அதே வழி, அதே மூடி. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கல்லோடு சேர்த்துக் கட்டிவைத்தால் பத்துப் பதினைந்து நாளில் காற்று மறந்துவிடும், அப்புறம் நிம்மதியாக எடுத்துப் போகலாம், செத்தவனை அலைக்கழிக்கவேண்டாம் என்றார்கள். நியாயமாகத்தான் பேசினார்கள், இந்த ஊரில் அநியாயத்தை யாரும் கத்திப் பேசி நான் பார்த்ததில்லை. கந்தப்பன் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: செங்கோடன் வேலை காலியாக இருக்கிறது, பங்குனி பிறந்ததும் நாலாம் தொட்டியைக் கழுவவேண்டும், அர்த்தநாரி நம்ம பையன், அவனுக்கே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம். பாவாயி பாடையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மிச்சமிருந்த ரத்த உறவு அவன் ஒருவன்தான்.

"கட்டக்கூடாது," என்றாள். "தாசில்தார் வரட்டும். அவங்க கண்ணால பாக்கட்டும். எங்க போயி நிக்கிறாருன்னு பாத்து எழுதட்டும். அந்தத் தொட்டிய மூடி சீல் வெக்கட்டும். அப்புறம் கட்டிக்கலாம், எரிச்சுக்கலாம், எது வேணா செய்யலாம்."

மனு எழுதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிற தபால்காரரிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் பாடையைக் கல்மேல் வைத்துக் கையை எடுப்பார்கள், பாடை நாலாம் தொட்டிக்குப் போகும், திரும்பத் தூக்கிவருவார்கள். கட்டிவைத்தால் மறந்துவிடுமே, ஆகவே ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் நாள் நாலு ஆண்கள் வந்தார்கள், மூன்றாம் நாள் இரண்டு பேர், ஐந்தாம் நாள் அர்த்தநாரி மட்டும்தான் வந்தான், ஆகையால் பாவாயியே இடது தோளைக் கொடுத்தாள். பொம்பளை பாடை தூக்குகிறாளே என்று ஊர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டது. பிணம் கெடவில்லை. அந்தக் காற்றில் ஈக்களால் நீந்த முடியவில்லை, அவை சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கிடந்தன. ஒரு வாரம் போனதும் டீக்கடையில் பாடை கடப்பதைப் பார்த்துவிட்டு, செங்கோடன் போயிட்டான், மணி எட்டு, என்று சொல்ல ஆரம்பித்தார்கள். குழந்தைகள் அதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின. வாசல் தெளிக்கிற பெண்கள் பாடை போகிற வரைக்கும் காத்திருந்து, போனபிறகு கோலம் போட்டார்கள். பாவாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தோல் உரிந்த தோளில் மஞ்சள் அப்பிக்கொண்டு நடந்தாள். ராத்திரி மட்டும் பாடையை வாசல் தூணில் கட்டிவைத்து, புருஷனிடம், இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கய்யா என்பாள்.

பன்னிரண்டாம் நாள் தாசில்தார் வருவதாகச் செய்தி வந்தது. பாலத்தில் இறங்கி நடந்துதான் வரவேண்டும், வயசான அம்மா, முட்டி வலி உள்ளவர் என்றார்கள். கந்தப்பன் அர்த்தநாரியைக் கூப்பிட்டார். அதிகாரி அம்மா நம்ம ஊருக்கு வர்றாங்க, சிரமப்படக்கூடாது, நாற்பது பேரையும் கூட்டிக்கிட்டுப் போயி வழியை நல்லா இளக்கி வை, உன் அக்கா காரியம், உனக்குச் சொல்லணுமா என்றார். தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதில் பாலேரிப்பட்டி இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அர்த்தநாரி சந்தோஷமாகப் போனான். பன்னிரண்டு நாள் அக்கா அலைந்ததற்கு இன்றைக்கு விடிவு என்று நினைத்தான். நாற்பது பேரும் விடிந்ததிலிருந்து பாலத்துக்கும் கல்லுக்குமாக, கல்லுக்கும் மில்லுக்குமாகத் தோளைத் திருகித் திருகி நடந்து வழியைக் கிழித்தார்கள். கடைசியில் கல்லருகே வந்தபோது கல்லோடு கட்டியிருந்த பாடையில் மச்சான் கிடப்பதைப் பார்த்தான். மூன்று சுற்றுச் சுற்றவிடாமலே இத்தனை நாள் அலைக்கழித்துவிட்டோமே, அந்த மரியாதைகூட அவருக்கு ஆகவில்லையே என்று நினைத்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாற்பது பேரையும் பின்னால் வரச்சொல்லி, பாடையை நெருக்கமாக, நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினான்.

பாவாயி அப்போது தாசில்தாரை எதிர்கொள்ளப் பாலத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போதே கால் லேசாகப் போவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு மரக்காலைக்கூடப் பிடிக்கவேண்டியிருக்கவில்லை. கல்லை நோக்கி நடையை எட்டிப்போட்டாள். தம்பியைப் பார்த்தாள், அவன் வேர்வை வழிய, நல்ல காரியம் செய்தவனுடைய முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

தாசில்தார் அம்மா நல்ல மாதிரி. முட்டியைத் தேய்த்துக்கொண்டு, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, விடச் சொல்லுங்க பார்க்கலாம் என்றார். பாவாயி கட்டை அவிழ்த்து, பாடையிலிருந்து கையை எடுத்தாள். பாடை கல்மேல் இருந்தது. ஒரு வெற்றிலை நேரம் பார்த்தார்கள். இரண்டு வெற்றிலை நேரம் பார்த்தார்கள். பாடையில் கட்டியிருந்த வாடின மாலையின் ஒரு பூக்கூட ஆடவில்லை. தாசில்தார் ஊரைப் பார்த்து, பன்னிரண்டு நாளாக இது போனதை யார் யார் பார்த்தீர்கள் என்று கேட்டார். மில்லை நம்பிப் பிழைக்காத வீடு அந்த ஊரில் இல்லை. எல்லோரும் ஏதோ ஒரு மரக்காலைப் பார்த்தார்கள்.

அவர், பாடை அசையவில்லை என்று ஒரு வரி எழுதி, பாவாயியின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டு, இளகின வழியிலேயே திரும்பிப் போனார். நாலு பேர் பாடையைத் திசை மாற்றித் தூக்கினார்கள். பாவாயி கல்லருகிலேயே நின்றுவிட்டாள்.

அர்த்தநாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு தலையைத் தலையை முட்டினான். அவள் அவனைத் திட்டவில்லை. எழுந்திரு, போயி மச்சானுக்குக் கொள்ளி வை என்று மட்டும் சொன்னாள். அவன் போனதும், மூன்று நாளில் பங்குனி பிறக்கிறது என்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு, இளகின வழி மறுபடி இறுகினதும், தோளைத் திருகிக்கொண்டு மில்லுக்கு நடந்து, நாலாம் தொட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்து, மூடியின் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டாள். மென்று முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. துப்பினாள். அந்த இடம் அவள் இடமாகிவிட்டது.

மில்லில் கிழங்குத் தோல் உரிக்கிற பெண்களைக் கூப்பிட்டு அவளைத் தூக்கி வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். விட்டார்கள். அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, நின்ற நிலையில் கைகளைத் தொங்கவிட்டாள், காற்று அவளைத் தெருவழியே பின்னோக்கி இழுத்துவந்து மூடிமேல் உட்காரவைத்தது. மறுபடி தூக்கினார்கள், மறுபடி வந்தாள். கந்தப்பன் யோசித்து, வீட்டுக்குள்ளேயே ஒரு வெற்றிலை நேரம் அவளை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று மறந்துவிடும் என்றார். ஆறு பெண்கள் பிடித்தார்கள். பாதி வெற்றிலையில் விட்டுவிட்டார்கள்.

"கை வழுக்கிப் போச்சுங்க மொதலாளி," என்றாள் அவர்களில் ஒருத்தி, செங்கோடனின் காதுமடலில் தண்ணீர் ஊற்றினவள். "நாளெல்லாம் கெழங்கு உரிக்கிற கை. மாவு ஒட்டுன கை நிக்கமாட்டேங்குதுங்க."

மறுநாள் வேறு ஆறு பெண்களைப் பிடிக்கச் சொன்னார். அவர்களுக்கும் வழுக்கியது. முன்நடை ஆட்களை விட்டு அவளைச் சுற்றிக் காற்றை இளக்கச் சொன்னார். முப்பத்தொன்பது பேர் வந்தார்கள், அர்த்தநாரி முன்னால் நின்றால்தான் எங்களுக்குக் கால் வரும் என்றார்கள், அர்த்தநாரி வீட்டு வாசலில் மரக்காலைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். பங்குனி பிறந்தது. நாலாம் தொட்டியை யாரும் திறக்கவில்லை. பாவாயி சாப்பாட்டைக்கூட மடியில் வைத்துத்தான் சாப்பிட்டாள். தினமும் காலையில் காவலாளி கேட்டைத் தாண்டித் தெருக்கோடியில் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வைப்பான், அது அவன் வேலை. தினமும் அவள் திரும்பி வருவாள். டீக்கடைக்காரன் அவள் கடந்துபோவதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டான்.

சித்திரை நடுவில் ஒரு மத்தியானம் அர்த்தநாரி வந்தான். மெலிந்திருந்தான். மூடிக்குக் கீழே தரையில் குந்தினான், பிடித்துக்கொள்ள அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"கெழக்கால புதுசா ஒண்ணு தோண்டிட்டாங்கக்கா," என்றான். "அஞ்சாம் தொட்டி. மூடிகூட போட்டாச்சு, கழிவும் நெறஞ்சாச்சு. திங்கக்கெழம மொதக் கழுவல். பூசாரி மகன எறங்கச் சொல்லியிருக்காங்க."

பாவாயி வளையத்தை இறுக்கிப் பிடித்தாள். அவள் கைக்குள் இரும்பு வளையம் சுட்டது. இந்த ஒரு மூடிக்காகத் தன் வாசலை, அடுப்பை, புருஷனோடு படுத்த இடத்தை எல்லாம் விட்டுக்கொடுத்தவள் அவள், கந்தப்பனோ ஒன்றரை மாதத்தில் இன்னொரு குழி வெட்டிவிட்டார். அழுகை வந்தது, அழுதாள்.

"நான் ஒருத்திதானே இருக்கேன்," என்றாள். "ரெண்டு எடத்துல எப்படிடா ஒக்காருவேன்."

அர்த்தநாரி அவள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் காலை விட்டான். காற்று இழுப்பதற்குள் தோளைத் திருகினான், நாற்பது பேருக்கு வழி கிழித்த தோள் அது, ஒரு மரக்காலையும் பிடிக்காமல் கிழக்கே பார்த்து நடந்தான்.

இப்போது பாலேரிப்பட்டியில் எட்டு மணிக்கு இரண்டு பேர் தெருவழியே பின்னோக்கிப் போகிறார்கள், ஒருத்தி வடக்கே திரும்புகிறாள், ஒருவன் கிழக்கே. மேற்கால ஆறாம் தொட்டிக்கு அளவுகோல் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிழங்கு உரிக்கிற பெண்களில் செங்கோடனைக் கழுவினவள், வெற்றிலை போட்டுப் பழக்கமில்லாதவள், நேற்றுச் சந்தையில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.